நரை கண்டு மூடும் கதவுகள்: ஆட்சேர்ப்பாளரும் மூத்த பணியாளரும்

(கனடாவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் ஒன்றுகூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கான பொருள், பல தமிழ் இல்லங்களில் பேசப்படாமலே விழுங்கப்படும் ஒன்று. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், வீட்டுக் கடன் ஆகிய எல்லாவற்றையும் கூடிப் பேசும் குடும்பங்கள், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய தந்தையோ தாயோ வேலையை இழக்கும்போது மட்டும் மௌனம் காக்கின்றன.

ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் எண்ணிப் பாருங்கள். தந்தை 1995 ஆம் ஆண்டு, தமது 32 ஆவது வயதில் ரொறொன்ரோ வந்து இறங்கியவர். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இயந்திரம் இயக்கியவர். பனியிலும் மழையிலும் இரவுப் பணிக்குச் சென்று இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தவர். 2025 ஆம் ஆண்டு, 62 வயதில், அந்தத் தொழிற்சாலை அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஐம்பது விண்ணப்பங்கள் அனுப்புகிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலை போனதைப் பிள்ளைகளிடம் சொல்ல மனம் இடம் தரவில்லை. வழமைபோலச் சாப்பாட்டுப் பெட்டியுடன் புறப்பட்டுப் பொது நூலகத்தில் பகலைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார்.

அவருக்குப் பெயர் தேவையில்லை. இந்த மண்டபத்தில் உள்ள பலருக்கு அத்தகைய ஒருவரைத் தெரிந்திருக்கும். அவரது விண்ணப்பங்களுக்கு ஏன் பதில் வரவில்லை என்பதையும், அவரும் அவரது பிள்ளைகளும் என்ன செய்ய இயலும் என்பதையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆள் இல்லை என்கிறார்கள். ஆளைச் சேர்க்க மறுக்கிறார்கள்

கனடாவின் 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, வேலை செய்யும் வயதில் உள்ளோரில் ஐவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர், அதாவது 21.8 விழுக்காட்டினர், 55 முதல் 64 வயதுக்கு உட்பட்டவர்கள். 1966 ஆம் ஆண்டில் இந்த வயதினர் நூறு பேருக்கு, 15 முதல் 24 வயதுக்கு உட்பட்ட இளையோர் இருநூறு பேர் இருந்தனர். 2021 இல் அந்த நூறு பேருக்கு 81 இளையோரே இருந்தனர். வெளியேற இருப்பவர்களின் எண்ணிக்கை, உள்ளே வர இருப்பவர்களின் எண்ணிக்கையை விஞ்சிவிட்டது.

இது கனடாவுக்கு மட்டும் உரிய நிலைமை அன்று. யேர்மனியில் 1964 ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தோருக்கு ஓய்வு வயது 67. பிரித்தானியாவில் அரச ஓய்வூதிய வயது 2020 இல் 66 ஆகியது. 2026 முதல் 2028 வரையிலான காலத்தில் அது படிப்படியாக 67 ஆக உயர்த்தப்படுகிறது. யப்பானில் 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அரசுகள் மக்களை நீண்டகாலம் உழைக்கச் சொல்கின்றன. ஆள் பற்றாக்குறை என்று நிறுவனங்கள் முறையிடுகின்றன. ஆயினும் 62 வயதுடைய அனுபவசாலியின் விண்ணப்பம் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. இந்த முரண்பாடு உருவாகும் இடம், ஆட்சேர்ப்பாளரின் மேசை.

கதவு மூடும் முறை

வயதின் காரணமாக மறுக்கிறோம் என்று எந்த ஆட்சேர்ப்பாளரும் எழுதித் தருவதில்லை. ஆகவே இதனை அறிய ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். டேவிட் நியூமார்க், இயன் பேர்ன், பற்றிக் பற்றன் ஆகிய மூவரும் அமெரிக்காவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலைகளுக்கு அனுப்பினர். தகுதிகள் ஒத்திருந்தன, வயது மட்டும் வேறுபட்டது. அலுவலக உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்த முப்பது வயதளவிலான பெண்களில் 14.4 விழுக்காட்டினருக்கு அழைப்பு வந்தது. ஐம்பது வயதளவில் அது 10.3 விழுக்காடாகவும், அறுபத்தைந்து வயதளவில் 7.6 விழுக்காடாகவும் குறைந்தது. ஏறத்தாழப் பாதி. ஆண்களைக் காட்டிலும் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர் என்பது இவ்வாய்வின் முக்கியமான முடிவு. வேலை இழந்த தாய்மார்களைப் பற்றிக் குடும்பங்கள் இன்னும் குறைவாகவே பேசுகின்றன என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

புலம்பெயர்ந்தோருக்கு இதன்மேல் இன்னொரு சுமையும் உண்டு. ரொறொன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஓரியோபௌலோஸ், ரொறொன்ரோ நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான சுயவிபரங்களை அனுப்பி ஆராய்ந்து, 2011 இல் முடிவை வெளியிட்டார். கனடியக் கல்வியும் அனுபவமும் ஒரே மாதிரியாக இருந்தபோதும், ஆங்கிலப் பெயர் கொண்டோருக்கு இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் கொண்டோரைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அதிகமாக நேர்முக அழைப்புகள் கிடைத்தன. பெயர் ஒரு வடிகட்டி, வயது ஒரு வடிகட்டி. நரைத்த தமிழர் இரண்டையும் கடந்தாக வேண்டும்.

இன்று இந்த வடிகட்டலின் பெரும்பகுதியை மென்பொருள் செய்கிறது. பட்டம் பெற்ற ஆண்டு, முதல் வேலையில் சேர்ந்த ஆண்டு, இடையில் உள்ள வெற்றிடம் ஆகியவற்றை அது நொடிப்பொழுதில் கணக்கிட்டுவிடும். அமெரிக்காவில் ஆட்களைச் சேர்த்து இணையவழி ஆங்கிலம் கற்பித்த நிறுவனம் ஒன்றின் மென்பொருள், 55 வயதைக் கடந்த பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் தானாகவே நிராகரிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஒரு விண்ணப்பதாரர் அதே விண்ணப்பத்தைப் பிறந்த தேதியை மட்டும் மாற்றி மீண்டும் அனுப்பியபோது நேர்முக அழைப்பு வந்தது. வழக்கு நடந்தது, 2023 இல் அந்நிறுவனம் 365,000 டொலர் இழப்பீடு வழங்க உடன்பட்டது. அந்த விண்ணப்பதாரர் ஐயம் கொள்ளாதிருந்தால் அந்தக் கதவு இன்னும் எத்தனை பேரின் முகத்தில் மூடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆட்சேர்ப்பாளரின் அச்சங்கள்

நீதியோடு பேசுவதானால் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். ஆட்சேர்ப்பாளர் எல்லோரும் தீயவர்கள் அல்லர். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒரே நாளில் பார்க்க வேண்டிய நிலையில் அவர்கள் குறுக்கு வழிகளை நாடுகின்றனர். மூத்தவர் அதிக ஊதியம் கேட்பார், விரைவில் ஓய்வு பெற்றுவிடுவார், புதிய தொழில்நுட்பத்தைக் கற்கமாட்டார், தம்மிலும் இளைய மேலாளருக்குக் கட்டுப்படமாட்டார், அடிக்கடி நோயுறுவார் என்பவையே அவர்களது அச்சங்கள். 'உங்கள் தகுதி இவ்வேலைக்கு மிகையானது' என்னும் நயமான மறுப்புக்குள் இவை அனைத்தும் அடங்கியிருக்கும்.

இவற்றுக்கு விடையாக ஒரு தொழிற்சாலையின் அனுபவத்தைக் கூறலாம். யேர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரில் உள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் 2007 ஆம் ஆண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின் தொழிலாளரின் சராசரி வயது 47 ஆக இருக்கும் என்று நிர்வாகம் கணித்தது. உடனே, அதே சராசரி வயது கொண்ட 42 தொழிலாளரை ஒரே உற்பத்தி வரிசையில் நிறுத்தியது. 'ஓய்வூதியக்காரர் வரிசை' என்று தொடக்கத்தில் அது கேலி செய்யப்பட்டது. உங்களுக்கு எது வலிக்கிறது, எதை மாற்றலாம் என்று அத்தொழிலாளரிடமே கேட்கப்பட்டது. முழங்காலுக்கு இதமான மரத்தளம், உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, நுண்ணிய பாகங்களைக் காண உருப்பெருக்கும் கண்ணாடி, ஏற்றியிறக்கக்கூடிய மேசை, வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும் சுழற்சி என ஏறத்தாழ எழுபது சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. இவற்றுக்கான செலவு, கலந்துரையாடலுக்குச் செலவிட்ட நேரத்தின் ஊதியத்தையும் சேர்த்து, ஏறத்தாழ நாற்பதாயிரம் யூரோ. ஓராண்டுக்குள் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் ஏழு விழுக்காடு உயர்ந்து, இளையோர் நின்ற வரிசைகளுக்கு நிகரானது.

முதுமை எய்தும் உடலுக்கு ஏற்ப வேலையிடத்தை மாற்ற, அந்தத் தொழிலாளரிடமே கேட்டதுதான் அங்கு நிகழ்ந்த பெரிய மாற்றம். பெரும்பாலான நிறுவனங்களில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதேயில்லை.

பிற நாடுகள் என்ன செய்கின்றன?

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில் ஓய்வு வயதும் 'மறுவேலை' வயதும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. 2022 இல் ஓய்வு வயது 63 ஆகவும், மறுவேலை வயது 68 ஆகவும் உயர்ந்தன. 2026 ஜூலைக்கு விதிக்கப்பட்ட எல்லைகள் முறையே 64, 69. ஓய்வு வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி ஒருவரை நீக்க முடியாது; அதன்பின்னும் தகுதியுள்ளவருக்கு மறுவேலை வழங்க முன்வர வேண்டியது முதலாளியின் கடமை. நாற்பது வயதைக் கடந்த குடிமக்களுக்குப் புதிய திறன் கற்பதற்காக 2024 இல் 4,000 சிங்கப்பூர் வெள்ளி கற்கைநிதி வழங்கப்பட்டது.

யப்பானில், விரும்பும் ஊழியரை 65 வயது வரை வேலையில் வைத்திருக்க நிறுவனங்கள் கடமைப்பட்டுள்ளன. 2021 முதல் 70 வயது வரை வாய்ப்பளிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆயினும் அங்கு அறுபதைக் கடந்தபின் அதே வேலையைக் குறைந்த ஊதியத்துக்குச் செய்வோர் பலர். சட்டம் வேலையைக் காக்கலாம். மதிப்பையும் அதுவே காத்துவிடும் என்று எண்ணிவிட முடியாது.

இளையோரின் ஐயம்

இங்குள்ள இளையோர் சிலரது மனத்தில் ஒரு கேள்வி எழலாம். 'முதியவர்கள் வேலையை விடாவிட்டால் எங்களுக்கு வேலை எங்கிருந்து வரும்?' நியாயமான கேள்வி. பட்டம் பெற்று ஓராண்டாக வேலை தேடும் பிள்ளைக்கு இக்கேள்வி கசப்பாகவே எழும்.

பொருளியலாளர் யோனதன் குரூபர், டேவிட் வைஸ் ஆகியோர் தொகுத்து 2010 இல் வெளியிட்ட ஆய்வு, பன்னிரண்டு நாடுகளின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தது. மூத்தோர் அதிகமாக வேலை செய்வதால் இளையோரின் வேலை குறைகிறது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. மூத்தோரை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பிய நாடுகளில் இளையோருக்கு வேலை பெருகவும் இல்லை. வேலை என்பது ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறையும் பங்குச் சோறு அன்று. ஊதியம் பெறும் மூத்தவர் செலவு செய்கிறார், வரி செலுத்துகிறார், அதனால் வேறு வேலைகள் பிறக்கின்றன. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் ஒரு குறிப்பிட்ட பதவி உயர்வு தாமதப்படலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு நாட்டின் கணக்கு ஒரு பதவியின் கணக்கைப் போன்றது அன்று.

சட்டமும் கையெழுத்தும்

ஒன்ராறியோவில் 65 வயதில் கட்டாய ஓய்வு என்னும் முறை 2006 டிசம்பர் 12 ஆம் திகதியோடு ஒழிந்தது. மனித உரிமைச் சட்டக்கோவை வயது அடிப்படையிலான பாகுபாட்டை வேலைக்கு எடுப்பதிலும் நீக்குவதிலும் தடை செய்கிறது. பாதிக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இதற்கு இலவசச் சட்ட உதவி வழங்கும் நிலையமும் உண்டு.

2024 ஜூலை முதல் தற்காலிக வேலை ஏஜென்சிகளும் ஆட்சேர்ப்பாளரும் மாகாண அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். ஒரு ஏஜென்சி அனுமதி பெற்றதா என்பதை மாகாண அரசின் இணையப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். 2026 சனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் பொது வேலை விளம்பரங்களில் 'கனடிய அனுபவம்' கோரக்கூடாது. விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதனை விளம்பரத்தில் குறிப்பிட வேண்டும்.

இவை அனைத்திலும் பெற்றோர் மனத்திற் பதிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேலையிலிருந்து நீக்கும் நாளில் நிறுவனம் ஒரு கடிதத்தை நீட்டும். சில வாரச் சம்பளம் தருகிறோம், இங்கே கையெழுத்திடுங்கள் என்று கூறும். பல தமிழ்த் தந்தையர் தலைகுனிந்து அங்கேயே கையெழுத்திட்டுவிடுகின்றனர். அவசரப்படாதீர்கள். வேலைத் தரநிலைச் சட்டம் கூறும் தொகை, ஒரு குறைந்தபட்ச அளவு மட்டுமே. 1960 ஆம் ஆண்டின் பார்டல் வழக்குத் தீர்ப்பு முதல், ஒருவருக்கு எவ்வளவு கால முன்னறிவிப்பு நியாயமானது என்பதை வேலையின் தன்மை, பணிக்காலம், வயது, அதையொத்த வேலை கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டு நீதிமன்றங்கள் தீர்மானிக்கின்றன. வேலைச் சந்தையில் குறையாகக் கருதப்படும் அதே வயது, இங்கே அவருக்குச் சாதகமாக எடைபோடப்படுகிறது. நீண்டகாலம் பணிபுரிந்த மூத்தவருக்கு உரிய தொகை, நீட்டப்பட்ட கடிதத்தில் உள்ளதைவிடப் பலமடங்காக இருக்கக்கூடும். வேலை ஒப்பந்தம் இவ்வுரிமையைக் கட்டுப்படுத்தியிருக்கவும் கூடும். ஆகவே கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, கையெழுத்திடாமல் வீட்டுக்கு வந்து, தொழிற்சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

ஓய்வூதியக் கணக்கு

புலம்பெயர்ந்தோருக்கு வேலை இழப்பு ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதற்கு ஓய்வூதியக் கணக்கிலும் விடை உண்டு. கனடாவின் முதியோர் காப்பூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 18 வயதுக்குப் பின் 40 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். இங்கு வாழ்வோர் குறைந்தது 10 ஆண்டுகளை நிறைவு செய்திருக்க வேண்டும். மேலே குறிப்பிட்ட தந்தை 2028 இல் 65 வயதை எட்டும்போது அவருக்கு 33 ஆண்டுகளே கணக்கில் இருக்கும். ஆகவே அப்போது அதனைப் பெறத் தொடங்கினால் நாற்பதில் முப்பத்து மூன்று பங்கே கிடைக்கும். இவ்வாறு ஒருமுறை பகுதியளவில் தொடங்கிய தொகை, பின்னர் வாழும் ஆண்டுகளால் முழுமை அடைவதில்லை.

கனடா ஓய்வூதியத் திட்டத்திலும் கவனம் தேவை. வேலை போனவுடன் பலர் 60 வயதிலேயே அதனைத் தொடங்கிவிடுகின்றனர். 65 வயதில் கிடைக்கக்கூடியதில் 36 விழுக்காடு வாழ்நாள் முழுவதும் குறைந்துவிடும். 70 வயது வரை பொறுத்தால் 42 விழுக்காடு கூடும். வீட்டில் வேறு வருமானம் இல்லாதவருக்குப் பொறுத்திருத்தல் இயலாமற் போகலாம். ஆனால் கணக்குப் பார்க்காமல் முடிவெடுத்தல் ஆகாது. இந்தக் கணக்கைத் தந்தைக்குப் பிள்ளைகளே உட்கார்ந்து போட்டுக் காட்டலாம்.

செய்யக்கூடியவை

பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். சுயவிபரத்தில் கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளின் பணியை விரிவாக எழுதுங்கள். முப்பது ஆண்டுகளையும் அடுக்க வேண்டியதில்லை. பட்டம் பெற்ற ஆண்டைக் குறிப்பிடாமல் விடலாம். பொய்யான ஆண்டை எழுதாதீர்கள். 'எந்த வேலையும் செய்வேன்' என்று எழுதுவதைவிட, எந்த இயந்திரத்தைப் பழுதின்றி இயக்கினீர்கள், எத்தனை புதியவர்களைப் பழக்கினீர்கள் என்று எழுதுங்கள். வேலை இழந்தோரின் பயிற்சிச் செலவுக்கு உதவும் 'பெட்டர் ஜாப்ஸ் ஒன்ராறியோ' போன்ற மாகாணத் திட்டங்களை விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை போனதைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். அது குற்றம் அன்று.

இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் ஏற்கெனவே மனிதவளத் துறையில் இருக்கிறீர்கள். சிலர் விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளை எழுதுகிறீர்கள். சிலர் நேர்முகத் தேர்வுக் குழுவில் அமர்கிறீர்கள். விளம்பரத்தில் 'இளமைத் துடிப்புள்ள குழு' என்னும் சொற்றொடரைக் கண்டால் நீக்குமாறு கூறுங்கள். நேர்முகத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மென்பொருள் யாரை நிராகரித்தது என்பதை வயதுவாரியாகச் சோதித்துப் பாருங்கள். 'பண்பாட்டுப் பொருத்தம் இல்லை' என்று ஒருவர் ஒதுக்கப்படும்போது அதன் பொருள் என்னவென்று கேளுங்கள். ஒரு முறை கேட்டாலே போதும். அடுத்த முறை அக்காரணத்தை எழுதுபவர் தயங்குவார்.

இந்த வேண்டுகோளில் தன்னலமும் உண்டு. இன்று 25 வயதுடையவருக்கு 2055 வாக்கில் 55 வயதாகிவிடும். இன்று அவர் எழுதும் விதி அன்று அவருடைய விண்ணப்பத்தையும் வடிகட்டும்.

அவையோரே, நூலகத்தில் பகலைக் கழித்த அந்தத் தந்தையிடம் திரும்புவோம். ஒரு மாலை அவர் வீடு திரும்பும்போது மகள் அவரது சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, 'அப்பா, எனக்குத் தெரியும். சுயவிபரத்தைக் கொண்டு வாங்கோ, சேர்ந்து பார்ப்பம்' என்று சொல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதனால் அவருக்கு மறுநாளே வேலை கிடைத்துவிடாது. ஆனால் கையெழுத்திடாத கடிதம் ஒன்று வழக்கறிஞரின் மேசைக்குப் போகும். ஓய்வூதியக் கணக்கு ஒரு தாளில் எழுதப்படும். ஐம்பத்தோராவது விண்ணப்பத்தை இருவர் சேர்ந்து எழுதுவார்கள்.

இன்றிரவு வீடு திரும்பியதும் அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.